ஜெஸீமா ராத்தாவின் முப்பது நாள் நாவல்

ராத்தா ஜெஸீமா என் கூடப்பிறந்த மூத்தவள், பிடிவாதக்காரி. அலுவிகாரையில் அவளோடு வாய் கொடுத்து ஜெயித்தவர் கிடையாது. அவள் கணவர், பதுர்தீன் மச்சான், மிளகு வியாபாரி, எந்நேரமும் கேலிதான். ஒருநாள் ராத்தா எழுதிய கதையொன்றை விருந்தாளிகள் முன்னால் ராகம் போட்டு வாசித்துச் சிரித்தார். இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை மிளகு எடுக்கக் கிளம்பியவர், வாசலில் நின்று ஸலாம் சொன்னார். இவள் கதவுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். என்னதான் சண்டையென்றாலும் ஸலாமுக்குப் பதில் சொல்வது எங்களுக்குக் கடமை. அன்றே ரிவர்ஸ்டன் பாதையில் பனிமூட்டத்தில் அவர் போன லொறி உருண்டது. மையித்துதான், உயிரற்ற உடல்தான், வீடு வந்தது.

இத்தா தொடங்கியது. விதவையானவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். துணைக்கு நானும் போய்த் தங்கினேன். இரண்டாம் மாதம், முப்பது நாளில் நாவல் எழுதும் போட்டியொன்று வாட்ஸ்அப்பில் வந்தது. தினமும் எழுதிய பக்கங்களைப் படம் பிடித்து, அதை நடத்தும் டிலுக்ஷி டீச்சருக்கு அனுப்ப வேண்டும். ராத்தா சேர்ந்துகொண்டாள். கதை அவளுடைய வாழ்க்கையேதான், பெயர்கள் மட்டும் வேறு. ஒரேயொரு இடத்தை மாற்றினாள். கதையில் மனைவி ஸலாமுக்குப் பதில் சொல்லிவிடுகிறாள்.

முதல் நாளே டீச்சர் கேட்டார்: "ஏன் ஜெஸீமா, நடுவுல ஒரு வரிய விட்டுட்டீங்க?"

விடவில்லை. நான் பார்க்கத்தான் எழுதினாள். ஆனால் கொப்பியில், மனைவி பதில் சொல்லும் அந்த வரி வெறுமையாக இருந்தது. பேனா அழுத்திய தடம்கூட இல்லை. மறுபடி எழுதினாள். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தோம், அதுவும் இல்லை.

"பேனா சரியில்ல ராத்தா," என்றேன். எனக்குப் பேய், பிசாசுக் கதையெல்லாம் ஆகாது. என் பேனாவைக் கொடுத்தேன். பட்டப்பகலில், நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளுத்து மறைந்தன. அதற்குப் பிறகு அந்த வீட்டில் குசினிக்குக்கூட நான் தனியாகப் போகவில்லை.

இருபத்தொன்பது நாளும் இதே கதைதான். மற்றப் பக்கங்கள் வளர்ந்தன, அந்த வரி மட்டும் நிற்க மறுத்தது.

"என்னைய மன்னிக்க மாட்டேங்கிறாரு அஸ்ரா," என்று அழுதாள். எனக்கு மச்சான் மேல்தான் ஆத்திரம் வந்தது. மௌத்தாகி அடக்கமான பிறகுமா கேலி?

முப்பதாம் நாள் பகல், அந்த இடத்தில் ராத்தா வேறொன்று எழுதினாள்: 'அவளுக்குக் கேட்டது. பதில் சொல்லவில்லை.'

காத்திருந்தோம். அழியவில்லை. மை காய்ந்து அப்படியே கிடந்தது.

ராத்தா எழுந்தாள். வாசல் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். வாய்விட்டுச் சொன்னாள்: "வஅலைக்குமுஸ்ஸலாம்."

வெளியே, வாசற்படியில் செருப்புச் சத்தம் எழுந்தது. படியிறங்கி, முற்றத்தைத் தாண்டி, கேட்டைத் திறந்துகொண்டு போனது. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வெயில்தான் கிடந்தது.

"இத்தன நாளும் இங்கதான் நின்னிருக்காரு," என்றாள் ராத்தா. "நான் பதில் சொல்லாம எப்படிப் போவாரு?"