சாமத்திய வீட்டுக் கமரா

எண்பதுகளின் கடைசியில், மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில், ஒரு வீடியோக் கமராவை வைத்துக்கொண்டு கல்யாண வீடு, பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடு என்று படம் பிடித்துத் திரிந்தேன். ஒருநாள் எங்கள் தெருவில் குடியிருந்த அமெரிக்கர் கதவைத் தட்டினார். உள்ளூர் அமெரிக்கக் கால்பந்துக் குழுவுக்கு அவர்தான் கோச். பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையால் எறிவார்கள், தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவருடைய குழு தோற்றுக்கொண்டே இருந்தது. வருகிற ஞாயிறும் தோற்றால் அவருக்கு வேலை போய்விடும். அதற்கு முன் எதிரணி ஆடுவதை ஒரு தடவை படம் பிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். இதென்ன பெரிய வேலை என்று கிளம்பிவிட்டேன்.

பழக்கதோஷம் விடவில்லை. சாமத்திய வீட்டில் ஒரு முகம் விடுபட்டாலும் சண்டைக்கு வருவார்கள். இங்கேயும் ஒவ்வொருவர் முகத்தையும் கிட்டக் கொண்டுவந்து எடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்த மனைவி கேட்டாள்:

"பந்து எங்கையப்பா? கேக் வெட்டப் போற ஆக்கள் மாதிரியெல்லே நிக்கினம்!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் கசற்றைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் போட்டுப் பார்த்தார். முதலில் தலையில் கை வைத்தார். பிறகு ஓரிடத்தைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டார். எதிரணியில் பந்து எறிகிறவன், எறியப் போகும்போதெல்லாம் விரலை நக்கினான். பந்தை மற்றவன் கையில் கொடுத்து ஓடவிடும்போது நக்கவில்லை. தூரத்தில் நின்று எடுத்திருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிராது.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆட்டக்காரர்கள் அந்த விரலைத்தான் பார்த்தார்கள். வென்றார்கள். வேலை தப்பியது. பிறகு அவருக்கு ஏறுமுகம்தான். தொண்ணூறுகளில் கிண்ணம் கிண்ணமாக வென்றார். கடைசியில் அமெரிக்காவில் ஒரு கல்லூரியே அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. போகும்வரைக்கும் நான்தான் படம் பிடித்தேன்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்த ஞாயிறு. குழுவின் தலைவர் அவருக்குக் கைகொடுக்க வந்தபோது, கோச் என்னைத் தோளில் பிடித்து முன்னால் இழுத்து, "இதைப் பிடித்துத் தந்தவர் இவர்தான். என்னுடைய கமராக்காரர்," என்றார். என் பிழையைப் பற்றி மூச்சு விடவில்லை. இந்த நாட்டு அனுபவம் இல்லையென்று வேலை கேட்டுப் போன இடமெல்லாம் திருப்பி அனுப்பிய காலம் அது. அந்த நன்றி இன்றும் எனக்கு நெஞ்சு நிறைய இருக்கிறது. அன்றைக்கு நான் சொன்னது வெறும் "தேங்க்யூ". பஸ் கண்டக்டருக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய சொல் என் ஆங்கிலத்தில் இருக்கவில்லை.