ஸ்தோத்திரச் சீட்டுகள்

என் ஞானப்பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டைக்குள், நான்காக மடித்த கோடு போட்ட தாள் ஒன்று எட்டு ஆண்டுகள் இருந்தது. பள்ளிக்கூட நோட்டிலிருந்து அடிஸ்கேல் வைத்துக் கிழித்த தாள். அதில் என் மனைவி எழுதியது ஒரே வரி. ஆலயத்தில் வாசிக்கப்படுவதற்காக எழுதப்பட்ட அதை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. ஞாயிறுதோறும் கொண்டுபோனேன், அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.

கோவில்பட்டியில் எங்கள் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. கடவுள் செய்த நன்மைக்கு நன்றி சொல்ல விரும்புகிறவர் அதை ஒரு சீட்டில் எழுதி, வாசலில் இருக்கும் தட்டில் வைப்பார். பிரசங்கத்துக்கு முன் குருவானவர் அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றின் முடிவிலும் சபை ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லும். மகனுக்கு வேலை, மகளுக்குத் திருமணம், அறுவை சிகிச்சைக்குப் பின் சுகம் என்று மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை எழுதினாலே அதிகம். என் மனைவி வாரந்தோறும் எழுதினாள். பசுவந்தனைப் பக்கம் ஒரு சிற்றூரில் அவள் ஆசிரியை. ‘செருப்பில் கரிசல் அப்பியும் வழுக்கி விழாமல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததற்காக.’ ‘பதினோராம் நாளாவது குழாயில் தண்ணீர் வந்ததற்காக.’ ‘அடுப்படி ஒழுகியும் அரிசிப் பானை நனையாமல் இருந்ததற்காக.’ இவற்றையும் குருவானவர் அதே கனத்த குரலில் வாசிப்பார். பெண்கள் பக்கத்தில் சில தலைகள் குனிந்து சிரிப்பை அடக்கும்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். ஆண்கள் பக்கத்தில் என்னருகே எப்போதும் உட்காருபவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸின் கணக்கர். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவர் விடமாட்டார். “என்ன சார், அடுப்படி ஒழுகுதாமே? கடவுளுக்குச் சொல்லியாச்சு. கொத்தனாருக்கு எப்பச் சொல்லப் போறிய?”

அன்று வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கடிந்துகொண்டேன். “வீட்டு விஷயத்த எதுக்குச் சபையில கொண்டுபோய் வைக்குத?”

“கொறையா சொன்னேன்? நன்றிதான சொல்லுதேன். அதுக்குமா கூச்சப்படுதீங்க?” என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு மேலும் எரிச்சலூட்டியது.

அதன்பின் நான் கேட்பதை நிறுத்தினேன். சீட்டுகள் வாசிக்கப்படும் நேரத்தில் மறுநாள் வகுப்புக்கான பாடத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பேன். சில மாதங்களில் அதில் நல்ல தேர்ச்சியும் பெற்றேன்.

ஐப்பசி பிறந்தும் மழை இறங்காத ஓர் ஆண்டு. ஆராதனையின் நடுவே மின்சாரம் போய், தலைக்குமேல் மின்விசிறிகளின் இரைச்சல் சட்டென்று நின்றது. அந்த அமைதியில், நான் விரும்பாமலே ஒரு வரி காதில் விழுந்தது: ‘மூன்று நாட்களுக்குப் பின் ஒரு பிடி சோறு விழுங்க முடிந்ததற்காக.’ சபை பழக்கத்தில் ‘ஸ்தோத்திரம்’ என்றது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. கணக்கர் என் முழங்காலைத் தொட்டு, “வீட்ல சொகமில்லையா சார்?” என்று மெல்லக் கேட்டார். “ஒண்ணுமில்ல” என்றேன். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மூன்று நாளும் அவள் எனக்குப் பரிமாறியிருக்கிறாள். பிறகு சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். நானும் கைகழுவிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்திருக்கிறேன்.

மதுரையில் மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: “எத்தனை மாசமா இப்படி இருக்கு?” நான் அவள் பக்கம் திரும்பினேன். அவளோ, “கொஞ்ச நாளாத்தான் டாக்டர்” என்றாள். சரியான காலம் தெரிந்தால் நல்லது என்று அவர் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரம், ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்குட்டியார் அவளைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கையில் நூலால் கட்டிய ஒரு தாள்கட்டு. “கோயில்ல வாசிச்ச தாளு சார். குப்பையில போட மனசு வரல. டீச்சர் எழுத்துன்னு தனியாக் கட்டி வச்சேன். அவிய பாத்தா சந்தோசப்படுவாவன்னு கொண்டாந்தேன்.” ஆசிரியைகளின் வழக்கப்படி ஒவ்வொரு தாளின் மூலையிலும் அவள் தேதி போட்டிருந்தாள். நான் அவற்றை வரிசைப்படுத்தினேன். ‘இட்லி தடையில்லாமல் இறங்கியதற்காக.’ ‘ஆறவைத்துக் குடித்தால் வலி குறையும் என்று காட்டித் தந்ததற்காக.’ ‘நிற்க முடியாத நாளில் பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்ததற்காக.’ ‘குடித்த கஞ்சி தங்கியதற்காக.’ வலியைச் சொன்ன சீட்டுகள் மட்டும் பதினான்கு மாதங்களுக்கு இருந்தன. மருத்துவர் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. மறுமுறை சென்றபோது அவர் அதை முழுவதும் படித்தார். “கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் சார்” என்று மட்டும் சொன்னார்.

கட்டின் அடியில் இருந்தது, நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்த ஆண்டின் சீட்டு. அவள் எழுதிய முதல் சீட்டு. அதன் தேதியைப் பார்த்ததும் அந்த வாரம் எனக்கு நினைவுக்கு வந்தது. கல்லூரியிலிருந்து திரும்பிய மாலையொன்றில் அவள் குழாயைப் பற்றியும் கூரையைப் பற்றியும் சொல்லத் தொடங்க, “உள்ள காலெடுத்து வைக்கும்போதே கொறை சொல்லாத. கேக்க எனக்குத் தெம்பில்ல” என்றேன். அவள் பாதிச் சொல்லில் நிறுத்தினாள். அதன்பின் ஒருநாளும் அவள் என்னிடம் குறை சொன்னதில்லை. அதை நான் என் குடும்பத்தின் அமைதி என்று நம்பியிருந்தேன்.

அவள் அடக்கத்துக்கு வந்தவர்கள், கடவுளின் இரக்கங்களை எண்ணி நன்றி சொல்லும்படி எனக்கு ஆலோசனை கூறினார்கள். நான் அவிசுவாசி அல்லன். ஆனாலும் ஒரு கேள்வி என்னுள் கசந்துகொண்டே இருந்தது. பதினான்கு மாதம், ஒரு வாரம் தவறாமல், அவள் வலி கடவுளுக்கு எழுத்தில் அறிவிக்கப்பட்டது. அவர் என்ன செய்தார்? நெடுங்காலம் கழித்தே அடுத்த எண்ணம் வந்தது; அது ஆறுதலாக இல்லை. வாரந்தோறும் அதை என் காதருகே, ஒலிபெருக்கியில், உரக்க வாசிக்கச் செய்தார். இதைவிட அதிகமாக இரக்கம் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அது எனக்குப் பிடிக்கவுமில்லை.

ஞானப்பாட்டுப் புத்தகத்தில் நான் வைத்திருந்த அந்தக் கடைசித் தாளை அவள் மருத்துவமனைக் கட்டிலில் எழுதினாள். நான் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். “ஞாயித்துக்கெழம தட்டுல வச்சிருங்க. மறந்திராதீங்க” என்று என் சட்டைப்பைக்குள் வைத்தாள். மறக்கவில்லை. சபை முழுவதும் அதைக் கேட்பதை என்னால் தாங்க முடியாது என்பதே உண்மை.

சென்ற ஞாயிறு அதைத் தட்டில் வைத்தேன். இப்போதைய குருவானவர் இளையவர், அவளை அறியாதவர். புது ஸ்கூட்டருக்கும் தேர்வு வெற்றிக்குமான நன்றிகளுக்கு இடையே, அதே நிதானத்தில் வாசித்தார்: ‘வலிக்குதா என்று என் கணவர் கேட்டதற்காக.’

சபை ‘ஸ்தோத்திரம்’ என்றது. பக்கத்தில் கணக்கர் இருந்தார். இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இப்ப என்ன சார் வாசிச்சாவ?” என்று கேட்டார்.

அவர் காதருகே குனிந்து அந்த வரியை நானே சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, அடுத்த சீட்டின் நடுவே, தனியாக, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்க, “ஸ்தோத்திரம்” என்றார்.