லால்குடிக் கணக்கில் ஒரு மகள்

1961, மாசி மாதம். திருச்சி போகும் பஸ் டயர் மாற்றுவதற்காக லால்குடியில் நிற்கிறது. தாலுகாவின் தலைமை ஊர்தான். ஆனால் தாசில்தார் கச்சேரியைத் தாண்டி நாலு தெரு நடந்தால் வயல் வந்துவிடுகிறது. குடிக்கத் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டு வாசலில் நிற்கிறேன். மக்கள் தொகைக் கணக்கு எடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் அங்கே வீட்டுக்கார அம்மாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

"உள்ளே ஒரு பொண்ணு இருக்காங்களே?"

"எம் மக. ஸ்ரீரங்கத்துல கட்டிக் கொடுத்திருக்கு. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. அவளை எழுதாதீங்க."

"தை மாசத்துலேருந்து இங்கதானே இருக்காங்க? அப்ப இங்கதாம்மா எழுதணும். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஊரை எண்றோம், ஒரு ஆளை விடக்கூடாது."

"பொறந்த வீட்டுக் கணக்குல அவ பேரு இருந்தா, வாழாம வந்துட்டான்னு ஊரு பேசுமே."

வாத்தியார் விதியை மூன்று முறை சொல்கிறார். அம்மாள் அசையவில்லை. கடைசியில் அவர் பெயரை எழுதிவிட்டு, தாளின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறிக்கிறார். அம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. தண்ணீர்ச் செம்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தாளைக் காட்டுகிறாள்.

"நீங்க வெளியூருதானே? என்ன எழுதியிருக்காருன்னு படிங்க."

"பிரசவத்துக்கு வந்திருக்கிறார்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

சத்தமாகப் படிக்கிறேன். பக்கத்து வீட்டு ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொள்கிறது.