கடலில்லாத ஊரின் உப்பு

ஞாயிறு காலையில் பெங்களூர்க்காரர்கள் காரின் கூரையைத் துடைப்பார்கள், கண்ணாடியைத் துடைப்பார்கள். குனிந்து அடியில் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. லிங்கராஜபுரத்தில் எங்கள் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில் நான் மட்டும் தரையில் கிடந்து, ஹோஸை உள்ளே நீட்டி, காரின் அடிப்பகுதிக்குத் தண்ணீர் பீய்ச்சுவேன். வாட்ச்மேன் ஓடிவந்து, “ஏனு பித்தோய்த்து சார்?” என்பார். என்ன விழுந்துவிட்டது என்று கேட்கிறார். துருப்பிடிக்காமல் இருக்கத்தான் என்று விளக்கும் அளவுக்கு என் கன்னடம் வளரவில்லை. சும்மா தலையை ஆட்டுவேன். அவரும் குனிந்து கொஞ்ச நேரம் தேடுவார்.

என் ஊர் தூத்துக்குடியில் இதற்கு விளக்கமே தேவையில்லை. உப்பளத்துக் காற்று சைக்கிள் கம்பியைக்கூட விட்டுவைக்காது. வண்டி வைத்திருப்பவன் வாராவாரம் அடியைக் கழுவுவான். அதற்குமுன் தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்ப்பான். கரித்தால் அந்தக் குழாய்ப் பக்கமே போகமாட்டான். இங்கு வந்த நான்கு வருடத்தில் நான் கழுவுவதை விடவில்லை, நாக்கில் வைப்பதை விட்டுவிட்டேன். கடலே இல்லாத ஊரில் ஏது உப்பு என்ற தெனாவெட்டு. வீட்டுக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் கார் கழுவக்கூடாது என்பது குடியிருப்பின் விதி, அதனால் பேஸ்மென்ட்டில் இருக்கும் ஆழ்துளைக் கிணற்றின் போர் குழாய்தான்.

என் மனைவி செல்விக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவம், தூத்துக்குடியில் தாய்வீட்டுக்குப் போயாக வேண்டும். ரயிலில் இடமில்லை. இந்த வாரம் தாண்டினால் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காரில் கிளம்புவதாக முடிவு செய்து, வியாழன் மாலை இருவரும் காரை மெக்கானிக்கிடம் காட்டப் போனோம். கோலார் தங்கவயல் தமிழர், வாய் ஓயாமல் பேசுபவர். காரை மேலே தூக்கி டார்ச் அடித்ததும் பேச்சைப் பாதியில் விட்டு அடியில் தலையை நுழைத்தார்.

“இன்னா சார், பிரேக் பைப்பு இப்படி அரிச்சிக்கினு இருக்குது? எந்தத் தண்ணில கழுவுறீங்க?”

“பேஸ்மென்ட்ல இருக்குற போர் தண்ணி.”

“வாயில வெச்சிப் பாத்தீங்களா? உங்க ஏரியா போரு செம உப்பு சார். கழுவிட்டு பேஸ்மென்ட்லயே வுட்டா எப்படிக் காயும்?”

விரலால் ஓரிடத்தை அழுத்தினார். துரு செதிலாக உதிர்ந்து, பிரேக் ஆயில் அவர் மணிக்கட்டில் வழிந்தது. ஊருக்குப் போகும் வழியில் தொப்பூர் மலை இறக்கத்தில், முன்னும் பின்னும் லாரிகள் வர, நான் மிதிக்கும்போது இது விட்டிருந்தால்? சக்கரத்தைத் தாங்கும் இரும்பும் அரித்திருக்கிறது, பத்து நாளாகும் என்றார். வாடகைக் கார் பிடிக்கலாம் என்றேன், செல்வியின் முகத்தைப் பார்க்காமலே.

“ஈரக்கொல நடுங்குது. நான் இனி எந்தக் காருலயும் ஏறல. இங்கயே பெத்துக்கிடுதேன். எங்கம்மைட்ட நீங்களே சொல்லுங்க.”

அத்தைக்குப் போன் செய்தேன்.

“வாராவாரம் கழுவுதேன்னு சொன்னிய, பொறவு எப்படி மாப்ளே துருப்பிடிச்சிச்சு?”

“கழுவுனதுலதான் அத்தை. இங்க தண்ணி உப்பு.”

அவமானத்தில் போனை வைத்தேன்.

பிரசவத்துக்கு அத்தை தனியாக ரயிலேறி வந்தார், கையில் ஒரு பெரிய கேனோடு. உள்ளே எங்கள் ஊர்க் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர். பெண் பிறந்தாள். வீட்டுக்கு வந்த முதல் நாள் பிள்ளையை அந்தத் தண்ணீரில் மட்டுமே குளிப்பாட்டினார். மறுநாள் குழாயில் வந்த காவிரியைப் பாதி கலந்தார். நான்காம் நாள் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு டம்ளர்தான் விழுந்தது. அதைப் பிள்ளையின் உச்சந்தலையில் ஊற்றிவிட்டு, உடம்புக்குப் பெங்களூர்த் தண்ணீரை மொண்டார்.