பாய்லருக்கும் பசிக்கும்

குப்பையை எரித்துப் பிழைக்கிறவன் என்று சொந்தக்காரர்கள் என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிள்ளானுக்கு வெளியே ஒரு சின்ன மின் நிலையத்தில் நான் எரிபொருள் வாங்குகிறவனாக இருந்தேன். செம்பனை ஆலைகள் எண்ணெய் பிழிந்தபின் கழித்துப் போடும் வெறுங்குலையும் கொட்டை ஓடும்தான் எங்கள் எரிபொருள். அதில் வரும் மின்சாரத்தைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கி வந்தது. பாய்லர் அடிக்கடி அணைந்தால் ஒப்பந்தம் போய்விடும். ஒப்பந்தம் போனால் எங்கள் வேலையும் போய்விடும். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்று எங்கேயாவது வாசல் கேட்டில் நின்று கத்தியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

கல்யாணக் கான்வாஸ்

வருஷக் கடைசி மழை. லோரி ஓட்டும் குமார் குலை கொண்டுவந்தான். கையை உள்ளே விட்டால் முழங்கை வரை தண்ணீர். ஈரக் குலையைப் போட்டால் பாய்லர் சூடாகாது, புகைதான் கக்கும். மேலே மூட வேண்டிய கான்வாஸைக் காணோம். எங்கே என்று கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னான்:

"பண்டமாரான்ல தங்கச்சி கல்யாணப் பந்தல்ல கட்டியிருக்குண்ணே. மனுசங்க நனையக்கூடாது பாருங்க. இது குலைதானே, காஞ்சிடும் லா."

சாமிக்கு உடைத்தது

தைப்பூசம் முடிந்த மறுநாள் கேட்டில் இன்னொரு லோரி. நான் யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்துக் கோயில் கமிட்டிக்காரர், தெருவில் உடைத்த தேங்காய் முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். மட்டையும் பருப்புமாக ஊறிப்போய், ஈ மொய்த்துக்கொண்டு கிடந்தது. இது எரியாது, திருப்பிக் கொண்டுபோங்கள் என்று மன்றாடினேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் அத்தனையையும் கொட்டிவிட்டான். கமிட்டிக்காரர் நெற்றி விபூதியைச் சரிசெய்தபடி என்னைத்தான் கோபித்துக்கொண்டார்:

"சாமிக்கு உடைச்சதுண்ணே. உங்க மெஷினுக்கு இதைவிடச் சுத்தமா என்ன வேணும்?"

ஓடு போகும் ஊர்

நன்றாக எரிவது கொட்டை ஓடுதான். காய்ந்தது, கையில் எடுத்தால் கலகலவென்று இருக்கும். பக்கத்து ஆலையின் மேனேஜர் அதை எங்களுக்குத்தான் தருவதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். ஆனால் அவருடைய லோரிகள் எங்கள் கேட்டைத் தாண்டி போர்ட் கிள்ளானுக்குப் போய்க்கொண்டே இருந்தன. வெளிநாட்டு மின் நிலையம் ஒன்று மொத்தமாகக் கேட்டிருக்கிறதாம்.

இங்கே விளைந்ததை, எண்ணெய் குடிக்கும் கப்பலில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுபோய் எரிப்பதற்குப் பெயர் பசுமையா? மேனேஜரிடமே நேரே போய்க் கேட்டேன். அவர் தே தாரிக் டீயை நிதானமாக உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"பாஸ், அங்க எரிச்சா சுற்றுச்சூழல் சேவை, இங்க எரிச்சா பக்கத்து வீட்டுக்காரன் கம்ப்ளெயின்ட்."

விருந்தாளிகள்

ஓடு இல்லை, குலை ஈரம். கடைசியில் பாய்லர் அணைந்தே போனது. பாய்லர்மேன் சவரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, துக்க வீட்டுக்காரரைப் போல உட்கார்ந்திருந்தார். "இந்தத் தடவை கரண்ட் வாங்குற கம்பெனிக்காரனுங்க விடமாட்டானுங்க தம்பி" என்றார்.

அன்றைக்கென்று பெட்டாலிங் ஜெயா தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மணி, வெள்ளை ஹெல்மெட் போட்ட விருந்தாளிகளோடு வந்து இறங்கினார். எங்களையும் வரிசையாக நிற்கவைத்து, புகைபோக்கி தெரியும்படி படம் எடுத்தார். பாய்லர் ஓடவில்லை, ஓடு கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் போய்விடும் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடாததும் நல்லதுதான் அங்கிள், பொட்டுப் புகைகூட இல்ல. பிக்சர் எவ்ளோ க்ளீனா வந்திருக்கு பாருங்க."

அந்தப் படம் இன்று தலைமை அலுவலக வரவேற்பறையில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அதில் கைகட்டி நிற்கும் சவரியும் மற்றவர்களும் ஒப்பந்தம் போனபின் போர்ட் கிள்ளானில் அதே கொட்டை ஓட்டைத்தான் கப்பலில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.