தம்பிப்பிள்ளைக்கு ஒரு வோட்டு

செய்தி வந்தபோது நான் ரொறன்ரோவில், அஜின்கோர்ட் பக்கத்து பிளாசா ஒன்றில் இடியப்பத்துக்கு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற மனிதருக்குக் கனடிய அரசியல் முழுவதையும் விளங்கப்படுத்தி, அடுத்த மேயரையும் ஏறக்குறையத் தெரிவு செய்து முடிக்கிற நேரம், போன் அடித்தது. எடுத்தால் அபி, கிளி அக்காவின் ஒரே மகள்.

"அங்கிள், அம்மா போயிட்டா."

"வீட்டையோ பிள்ளை? சொல்லியிருந்தா நான் காரைக் கொண்டு வந்திருப்பனே" என்றேன். ஆஸ்பத்திரியில் இருந்தவர் போய்விட்டார் என்றால் வேறு எங்கே போவார்? அந்தப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. இடியப்பம் வாங்காமல் வெளியே வந்து, காருக்குள் இருந்து, ஸ்ரார்ட் பண்ணாமல் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அபியே வந்து கேட்டாள். "முப்பத்தொராம் நாள் நினைவுக்கு ஒரு மலர் அடிக்கிறம். அம்மாவைப் பற்றி நீங்கள்தான் எழுதோணும் அங்கிள். பட் ப்ளீஸ், இல்லாததைக் கூட்டி எழுதாதேங்கோ."

எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டவன். பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனாலும் என்னைத் தெரியாதவர் ஒருவர் ஸ்காபரோவில் இருந்தால், அவர் நேற்றுத்தான் விமானத்தால் இறங்கியிருக்க வேண்டும். எனக்கு எழுத வரும். கூட்டாமல் எழுதத்தான் வராது. அக்காவுக்காக முயற்சி செய்கிறேன்.

அவருக்கு என்னைவிட மூன்று வயது குறைவு. ஆனாலும் ஊரே கிளி அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னைக் குலம் அண்ணை என்பார். இப்படி ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிக்கொண்டு ஒரே மாடியில், எதிரெதிர்க் கதவில், இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தோம். "சோ, ஹூ இஸ் ஓல்டர்?" என்று அபி சின்ன வயதில் ஒருநாள் கேட்டாள். "அண்ணை" என்றார் அவர். "அக்கா" என்றேன் நான். அந்தப் பிள்ளை எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தமிழே வேண்டாம் என்று உள்ளே போய்விட்டது.

அவரை முதலில் நான் மதித்தது எலிவேற்றர் விஷயத்தில். எங்கள் பில்டிங்கின் இரண்டு எலிவேற்றரும் ஒன்றாகப் பழுதாகிவிட்டன. மேல் மாடிக் கிழடுகட்டைகள் வீட்டோடு சிறை. நான் மனேச்சரிடம் போய் மேசையில் அடித்துப் பேசினேன். இங்கிலிஷில்தான், அவருக்கு விளங்கவில்லை. கிளி அக்கா மத்தியானம் மனேச்சரின் கந்தோருக்குள் போய் ஒரு கதிரையில் இருந்து, கருவாட்டுக் குழம்பும் சோறும் கட்டிய பார்சலைப் பிரித்தார். "மேலை ஏறேலாது. அதாலை எலிவேற்றர் ஓடுமட்டும் எனக்கு இஞ்சைதான் சாப்பாடு" என்றார். ஒரு மணித்தியாலத்தில் மெக்கானிக் வந்துவிட்டான். சரி அபி, அடுத்த நாள் வந்தான்.

கிளி என்பது வீட்டில் தகப்பனார் வைத்த செல்லப்பெயர். பதிவுப் பெயர் கனகேஸ்வரி. தகப்பனாரின் பெயர் தம்பிப்பிள்ளை. எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னால் எழுதி இவர் தம்பிப்பிள்ளை கனகேஸ்வரி என்று வந்து இறங்க, இங்கே இருந்த உத்தியோகத்தர் முன்னால் நிற்பதுதான் சொந்தப் பெயர் என்று பதிந்துவிட்டார். அன்றிலிருந்து கனடாவுக்கு அவர் தம்பிப்பிள்ளை. டொக்டரிடம் போனால் நேர்ஸ் வந்து "தம்பிப்பிள்ளை!" என்று கூப்பிடுவாள். காத்திருக்கிற ஆண்கள் எல்லாரும் ஆர் அந்தத் தம்பிப்பிள்ளை என்று பார்ப்பார்கள். சேலையைச் சரிசெய்துகொண்டு இவர் எழும்புவார். நான் கூட இருந்தால், "தம்பிப்பிள்ளையர், மீசையை முறுக்கிக்கொண்டு போங்கோ" என்பேன். "பேசாமல் இருங்கோ அண்ணை, பிறசர் கூடப்போகுது" என்பார்.

பிறகு பஸ் ஸ்ரொப் வந்தது, அதாவது போனது. பில்டிங் வாசலுக்கு நேரே இருந்த ஸ்ரொப்பை ஒரு கோடையில் கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்தது ஏற்றத்தில், பெற்றோல் நிலையத்துக்கும் அப்பால். கோடையில் அது நடை. மாரியில் ஏழாம் மாடி அருளப்பு ஐயா கோயிலுக்குப் போக வெளிக்கிட்டு, அந்த ஏற்றத்து ஐஸில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். கிளி அக்கா எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலரின் கந்தோருக்குப் பல தடவை போனார். கருவாட்டுக் குழம்பு அங்கே எடுபடவில்லை. திரும்பி வந்து என் கதவைத் தட்டினார்.

"அண்ணை, அடுத்த எலெக்ஷனிலை நான் கேக்கப்போறன்."

"எதைக் கேக்கப்போறியள்?"

"வோட்டுத்தான். கவுன்சிலராக வந்தாத்தான் அந்த ஸ்ரொப் திரும்பி வரும் போலை கிடக்கு."

அந்த நிமிடமே நான் தேர்தல் பொறுப்பாளர் ஆனேன். எனக்கு அனுபவம் இருந்தது. லண்டனில் என் மருமகன் உள்ளூர்க் கவுன்சிலுக்கு நின்றபோது ரொறன்ரோவில் இருந்து தொலைபேசியிலேயே அந்தத் தேர்தலை நடத்தியவன் நான். அவன் தோற்றது வேறு கதை.

பெயர் கொடுக்க நகரசபைக்குப் போனோம். வாக்குச்சீட்டில் ஊர் அறிந்த பெயரைப் போடவும் கேட்டுப் பார்க்கலாம் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். நான் துள்ளினேன். "கிளி எண்டு போடுவம் அக்கா. இங்கிலிஷிலை நாலே எழுத்து. கண்ணாடி இல்லாமலே வாசிப்பினம். தம்பிப்பிள்ளை கனகேஸ்வரி எண்டா ஆருக்குத் தெரியும்?"

"வேண்டாம் அண்ணை."

"ஏன்? வெல்லுற விருப்பம் இல்லையோ?"

அவர் மெதுவாகச் சொன்னார். அப்போது அவர் சொன்னதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"அப்பா வன்னியிலை இடம்பெயர்ந்து போகேக்கை செல் குண்டு விழுந்து செத்துப்போனவர். ஆரோ ஒரு வளவுக்குள்ளை குழி வெட்டித் தாட்டிட்டு மற்றச் சனம் ஓடிட்டுது. எந்த வளவு எண்டு சொல்ல இப்ப ஒருத்தரும் இல்லை. ஒரு கல் இல்லை. அந்த மனுசன்ர பேர் உலகத்திலை ஒரு இடத்திலையும் எழுதிக் கிடக்கேல்லை. இந்த நாட்டுக்காரர் பிழையாப் பதிஞ்சு அதை எனக்கு முதல் பேராத் தந்தவங்கள். திருத்தச் சொல்லி எத்தினையோ பேர் சொல்லிச்சினம். நான் திருத்தேல்லை. ஒரு நாளைக்கெண்டாலும் அந்தப் பேர் ஊர் முழுக்க இருக்கட்டும்."

தோற்றால் ஸ்ரொப் வராது என்று அவருக்கும் தெரியும். அதையும் சொன்னார். "ஸ்ரொப்புக்காக நான் இன்னும் கூட நடக்கிறன் அண்ணை. பேரிலை மட்டும் கை வையாதேங்கோ."

நடந்தார். ஸ்காபரோவில் அவர் தட்டாத கதவு, கதவே இல்லை. நான் பின்னால் நோட்டீசைக் காவிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வழக்கு. ஒரு வீட்டில் ஒரு அன்ரி கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் கேட்டார்:

"ஆரப்பா தம்பிப்பிள்ளை?"

"கிளி அக்காதான் அன்ரி. இந்தா நிக்கிறா."

"அப்ப ஏன் தம்பிப்பிள்ளை எண்டு கிடக்கு?"

"அது அவவின்ர அப்பா."

"அப்ப அப்பாவே கேக்கிறார்?"

"இல்லை அன்ரி. அவர் செத்திட்டார்."

"செத்த ஆளுக்கு நான் ஏன் போடுறது? போங்கோ, அடுப்பிலை கறி கிடக்கு."

கதவைச் சாத்திவிட்டார். நான் கோபத்தில் திரும்பிப் பார்த்தால் கிளி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. சிரிப்பில் வந்த தண்ணீர் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

தேர்தல் நாள் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்களிப்பு. உள்ளே போய் யாருக்கும் எந்தப் பெயரையும் காட்டக்கூடாது, வாசலில் நின்றும் சொல்லக்கூடாது என்பது சட்டம். என் வாயைக் கனடிய அரசாங்கம் கட்டிப்போட்ட ஒரே நாள் அது. தூரத்தில் தெருக்கரையில் காரை நிறுத்திவிட்டு நானும் அக்காவும் அதற்குள்ளேயே இருந்தோம். அருளப்பு ஐயா ஊன்றுகோலோடு ஒவ்வொரு அடியாகப் போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். எங்கள் காரைக் கண்டு கிட்டே வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி குலம், கிளியின்ர பேர் அதிலை இல்லையே! மேலை இருந்து கீழை மட்டும் விரலை வைச்சுப் பாத்தன். பிள்ளையை ஏமாத்திப்போட்டாங்கள். நான் ஒருத்தருக்கும் போடாமல் சும்மா குடுத்திட்டு வந்திட்டன். வேற ஆருக்கும் போட மனம் வரேல்லை."

அவர் வீட்டுக் கதவையும் நாங்கள் இரண்டு தரம் தட்டி விளங்கப்படுத்தித்தான் இருந்தோம். கண்ணாடி போட்டு இங்கிலிஷ் எழுத்துக் கூட்டுகிற வயதில் எது நினைவில் நிற்கும்? நான் வாயைத் திறந்தேன். கிளி அக்கா என் கையைப் பிடித்து அமத்திவிட்டு, "பரவாயில்லை ஐயா. குளிருது, ஏறுங்கோ, வீட்டை விடுறம்" என்றார். அன்று பின்நேரம் அப்படி எத்தனையோ பேர் வந்து சொன்னார்கள். எல்லோரும் கிளியைத் தேடியிருக்கிறார்கள்.

எட்டு மணிக்குப் பிறகு அவர் வீட்டில் ரீவிக்கு முன்னால் இருந்தோம். எங்கள் வட்டாரத்தின் முடிவு திரையின் அடியில் ஓடியது. வென்றவர் வேறு. இவர் இரண்டாவது, கிட்டத்தான், மிகக் கிட்டத்தான். நான் தலையில் கை வைத்தேன். அபி அழுதாள். கிளி அக்கா சோபாவில் இருந்து எழும்பி நின்றார். தண்ணீர் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. பெரியவர் ஒருவர் வீட்டுக்குள் வந்தால் எழும்பி நிற்போமே, அப்படி நின்றார். திரையில் தகப்பனாரின் பெயர் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை நின்றார்.

"இண்டைக்கு எத்தினை சனம் அப்பாவின்ர பேரை வாசிச்சிருக்கும், என்னண்ணை?" என்றார்.

நானும் எழும்பி நின்றேன்.

வென்றவர் கதிரையில் இருந்த முதல் கிழமையே கிளி அக்கா அவருடைய கந்தோரில் போய் நின்றார். "வாழ்த்துகள். உங்களுக்கு எதிரா நிண்டவ நான்தான். இப்ப எங்கடை பஸ் ஸ்ரொப்பைத் தாங்கோ" என்று அபியைக் கொண்டு இங்கிலிஷில் சொல்வித்தார். போய்ப் போய், அடுத்த மாரிக்கு முதல் ஸ்ரொப் திரும்பி வந்தது, கண்ணாடிக் கொட்டிலோடு. அந்தக் கொட்டிலுக்கு அவர் பெயரை வைக்கும்படி நான் மேயருக்கு எழுதினேன். எழுத நினைத்தேன். அபி, இதை விட்டுவிடு.

அக்காவின் உடலைப் பார்வைக்கு வைத்த அன்று, மலர்ச்சாலையில் மூன்று அறைகளில் மூன்று பேரின் உடல்கள். வாசலில் ஒரு திரை. அதில் பெயரும் அறை இலக்கமும் இங்கிலிஷ் எழுத்தில். சனம் பனிச் சப்பாத்தோடு உள்ளே வரும், திரையைப் பார்க்கும், குழம்பும். "கிளி அக்கா இஞ்சை இல்லைப் போலை. வேற இடமோ?" என்று ஒரு குடும்பம் திரும்பி வெளியே நடக்கத் தொடங்கிவிட்டது. நான் ஓடிப்போய் மறித்தேன். பிறகு அந்தத் திரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். பெயரில் விரலை வைத்து, "உவதான். தம்பிப்பிள்ளை. உள்ளை போங்கோ" என்று வந்தவர் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். மலர்ச்சாலைப் பொடியன் வந்து, உதவி வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டான். இன்றைக்கு என் வாயைக் கட்ட ஒரு சட்டமும் இல்லை என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

அருளப்பு ஐயாவும் வந்தார், வாசலுக்கு நேரே இருக்கிற ஸ்ரொப்பில் பஸ் ஏறி. நான் காட்டிய இடத்தில் தன் விரலையும் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

"தம்பி, அண்டைக்கும் இந்தப் பேர்தானே அதிலை கிடந்தது?"

"ஓம் ஐயா."

அவர் விரலை எடுக்காமல் நின்றார். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

வந்தவர்கள் ஆயிரம் பேர் என்று எழுதுவேன். நீ வெட்டுவாய் அபி. ஆனால் வரிசை வாசலைத் தாண்டிக் கார்கள் நிற்கிற இடம்வரை, பனிக்குள் நின்றது. எல்லாரும் உள்ளே போய் முடிந்த பிறகு கடைசியாக நான் போனேன். தொப்பியைக் கழற்றினேன். இத்தனை வருடம் அக்கா என்று கூப்பிட்ட வாய்க்கு அன்று அந்தச் சொல் வரவில்லை.

"தங்கச்சி," என்றேன், "இண்டைக்கு எல்லாரும் பேரைக் கண்டுபிடிச்சிட்டினம். அப்பாட்டைச் சொல்லுங்கோ. போயிட்டு வாங்கோ."