சீரில் போன தையல் மிஷின்

எங்கள் ஊருக்குள் முதன்முதலாக வந்த தையல் மிஷின் எங்கள் வீட்டு மிஷின்தான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

அப்போது எனக்கு ஏழு வயது. மதுரையில் வசதியுள்ள பெண்கள் சிலர் நிதி திரட்டி, கிராமத்துப் பெண்கள் தங்கள் கையால் சம்பாதிக்கட்டும் என்று தையல் சொல்லிக்கொடுத்தார்கள். கீழக்குயில்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து அம்மா மூன்று மாதம் நடந்தே போய்க் கற்றுக்கொண்டார். கடைசி நாளில் கையால் சுற்றும் மிஷின் ஒன்றைக் கொடுத்து, கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், "இது உங்களுக்கு. உங்க வீட்டுக்காரருக்கு இல்ல" என்றாராம். வீடு வந்து சேரும்வரை அம்மா அதையே தனக்குள் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

சக்கரம் சுற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. பின்பக்கமாக மட்டும் சுற்றக்கூடாது. அடிநூல் கட்டையைத் தாங்கும் சின்ன இரும்புப் படகு ஒன்று உள்ளே உண்டு. அதை அம்மாவைத் தவிர யாரும் தொடக்கூடாது. அம்மா தைத்த பாவாடையோடு பிள்ளைகள் தெருவில் ஓடும்போது நானே தைத்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

அந்த வருஷமே அத்தைக்குக் கல்யாணம். அத்தை என்றால் என் தகப்பனார் அய்யாவின் தங்கை; அம்மாவை மதினி என்று கூப்பிடுவார். மாப்பிள்ளை வீடு கொட்டாம்பட்டிப் பக்கம். மிஷின் இருப்பது அவர்கள் காதுக்கு எட்டி, அது சீரில் வருமா என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். வரும் என்று அய்யா சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அண்ணன் அதை வைத்துச் சந்தையில் கடை போடப்போகிறாராம். அம்மா மிஷினைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தைதான் அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தார்.

சீர் கிளம்புவதற்கு முதல் நாள், இனி எங்கே சுற்றப்போகிறோம் என்ற துக்கத்தில் நான் சக்கரத்தைப் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினேன். உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஒரே ஓட்டமாக ஓடிவிட்டேன்.

மறுநாள் மிஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வண்டியில் ஏற்றினார்கள். மேளம் முழங்க அந்த ஊர்த் தெருவில் நுழைந்தபோது சனமெல்லாம் மிஷினையே பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமை ஒரு பக்கம், உள்ளே கேட்ட அந்த டக் சத்தம் ஒரு பக்கம்.

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அண்ணன் பந்தல் நடுவில் மிஷினை வைத்துத் துணியைக் கொடுத்துச் சுற்றினார். ஊசி ஏறி இறங்கியது. ஒரு தையல் விழவில்லை.

"என்ன மாப்ள, மிசினு உங்களுக்கு மசிய மாட்டேங்குது?" என்று யாரோ கேட்க, பந்தலே சிரித்தது. அய்யா தலையைத் தொங்கப்போட்டார். எனக்கு அழுகை முட்டியது. அம்மா மட்டும் முந்தானை முடிச்சைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

புதுப்பெண் அத்தை நிமிராமலே சொன்னார்: "சீரு சாமான் பழுதுன்னா பெறந்த வீட்டுலதான சரி பண்ணிக் குடுக்கணும். மதினி கொண்டுபோயிச் சரி பண்ணிட்டுக் குடுத்துவிடட்டும்."

அது வழக்கம்தான். போன வண்டியிலேயே மிஷின் திரும்பியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காலைப் பிடித்துக்கொண்டு, நான்தான் கெடுத்தேன் என்று அழுதேன். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த இரும்புப் படகை உள்ளே பொருத்தி, "சுத்து" என்றார். மிஷின் ஓடியது. கழன்று விழுந்ததை அம்மா பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மிஷின்தான் எனக்குச் சிலேட்டு வாங்கித் தந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான்.

பொங்கலுக்கு அத்தை வந்தார். கூடவே மாமா. வந்ததும் வராததுமாக அத்தை உரக்கக் கேட்டார்: "மிசினு சரியாயிருச்சா மதினி?"

"எங்க தாயி, எம்புட்டுப் பாத்தும் ஓடல" என்றார் அம்மா.

அம்மா மறந்துவிட்டார்போல என்று எண்ணி, நேற்றுக்கூட ஓடியதே என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். எதற்குக் கிள்ளினார் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை. அத்தை போட்டிருந்த புது ரவிக்கைகூட, போன வாரம் நான் சக்கரம் சுற்றி அம்மா தைத்து அனுப்பியதுதான்.